ஹார்ட் டிஸ்க்கில் உள்ள படங்களுக்கு மீடியா பிளேயர்: வாங்குமுன் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

மலைக்கோட்டை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கூடத்தில் டால்பி விஷன் (காட்சிக்கு ஏற்ப வெளிச்சத்தைச் சீரமைக்கும் எச்டிஆர் பட முறை) வசதியுள்ள 55 அங்குல 4கே ஓலெட் டிவியும், 5.1.2 ஒலிபெருக்கி அமைப்புடன் ஓர் ஏவி ரிசீவரும் இருக்கின்றன. ஓடிடி சேவைகளுக்கு டிவியே போதும். அதில் குறை ஏதும் இல்லை. என் கேள்வி முழுக்க ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைத்திருக்கும் கோப்புகளைப் பற்றியது. பல ஆண்டுகளாக விலை கொடுத்து வாங்கிய புளூ-ரே, 4கே புளூ-ரே வட்டுகளிலிருந்து தரம் குறைக்காமல் எடுத்த எம்கேவி கோப்புகள் ஒரு பக்கம். அவற்றுள் சில 60 ஜிபியைத் தாண்டும். இன்னொரு பக்கம் கச்சேரி டிவிடிகளின் ஐஎஸ்ஓ கோப்புகள் (வட்டின் முழு நகல்கள்). இவை போக, குடும்பத்துத் திருமணங்கள், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்று கேசட்டிலிருந்து டிவிடிக்கு மாற்றியவை, பிற்காலத்தில் கேம்கார்டரில் எடுத்தவை, இப்போது ஐபோனில் எடுப்பவை எல்லாம் உண்டு.

டிஸ்க்கை டிவியின் யுஎஸ்பி துளையில் செருகினால், சில கோப்புகளில் படம் வருகிறது, ஒலி வருவதில்லை. பெரிய கோப்புகள் சண்டைக் காட்சிகளில் நின்று நின்று ஓடுகின்றன. திருமண வீடியோக்களில் ஆள் நகரும்போது உருவத்தின் ஓரங்கள் பிசிறடிக்கின்றன. எனவே தனியாக ஒரு மீடியா பிளேயர் வாங்கலாம் என்றிருக்கிறேன். கடைகளில் விசாரித்தால், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் "4கே, எட்டு கோர், ஆண்ட்ராய்டு" என்பதையே எனக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். எந்தப் பெட்டியை வாங்குவது என்பதைக் காட்டிலும், வாங்கிய பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் எவற்றையெல்லாம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதை விவரமறிந்தவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

அலைவரிசை எழுதியது:

வணக்கம் ஐயா. உங்கள் கோப்புகள் எப்படிப்பட்டவை என்பதைச் சொல்லிவிட்டீர்கள்; விடையும் பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது.

ஒலியிலிருந்து தொடங்குகிறேன். ஒலி வராத கோப்புகள் அநேகமாக டிடிஎஸ் எனும் ஒலி வகையைச் சேர்ந்தவையாக இருக்கும். டிவி நிறுவனங்கள் சில, சென்ற சில ஆண்டுகளின் மாடல்களில் டிடிஎஸ் ஆதரவை எடுத்துவிட்டன. புளூ-ரே வட்டுகளில் வரும் இழப்பில்லாத ஒலி பெரும்பாலும் இரண்டு வகை: டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ. டிவியிலிருந்து ரிசீவருக்கு எச்டிஎம்ஐ வழியாக ஒலியைத் திருப்பி அனுப்பும் பழைய ஏஆர்சி இணைப்பு இவ்விரண்டையும் தாங்காது. 2017இல் எச்டிஎம்ஐ 2.1 உடன் அறிவிக்கப்பட்ட ஈஏஆர்சி தாங்கும். ஆனாலும் டிவி அந்த ஒலியை மாற்றாமல் ரிசீவருக்கு அனுப்புகிறதா என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். ஆகவே பிளேயரை டிவியில் செருகாமல் நேராக ரிசீவரில் செருகுங்கள். ரிசீவரிலிருந்து படம் மட்டும் டிவிக்குப் போகட்டும். அதற்கு உங்கள் ரிசீவர் டால்பி விஷனைக் கடத்திவிடக் கூடியதா என்று முதலில் அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது சோதனை. அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலிக்கும் டால்பி ஒலி முறை) உள்ள ஒரு வட்டுக் கோப்பை ஓட்டிவிட்டு, ரிசீவரின் முகப்பில் ஓடும் எழுத்தைப் பாருங்கள். அங்கே அட்மாஸ் என்றோ ட்ரூஎச்டி என்றோ வந்தால், பிளேயர் ஒலியைப் பிரிக்காமல் (டிகோட் செய்யாமல்) அப்படியே அனுப்புகிறது என்று பொருள். பிசிஎம் என்றோ மல்டி சேனல் என்றோ வந்தால், பிளேயர் தானே பிரித்து அனுப்புகிறது. அவ்வாறு பிரிக்கும்போது பெரும்பாலான பெட்டிகளில் அட்மாஸின் உயரத் தகவல் கழன்றுவிடும், உங்கள் 5.1.2 அமைப்பில் கடைசி எண் குறிக்கும் இரண்டு உயர ஒலிபெருக்கிகளுக்கும் வேலை இருக்காது. பெட்டியின் மேல் "அட்மாஸ்" என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து ஏமாந்துவிட வேண்டாம். ஓடிடி சேவைகள் தரும் அட்மாஸ், டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற இழப்புள்ள வடிவத்தில் வருவது. வட்டில் உள்ள அட்மாஸ் ட்ரூஎச்டிக்குள் இருப்பது. முன்னதை மட்டும் அறிந்த பெட்டிகள் சந்தையில் ஏராளம்.

அடுத்தது பிரேம் வேகம். சினிமாப் படங்கள் வட்டில் பெரும்பாலும் நொடிக்கு 23.976 பிரேம்களாகப் பதிவாகின்றன. டிவியின் ரிஃப்ரெஷ் ரேட் 60 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிட்டால், ஒரு பிரேம் மூன்று முறையும் அடுத்த பிரேம் இரண்டு முறையும் மாறி மாறிக் காட்டப்படும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் படம் தட்டித் தட்டி நகர்வதற்குக் காரணம் இதுதான். நல்ல பிளேயர் கோப்பைத் திறந்தவுடன் டிவியையும் அதே வேகத்துக்கு மாற்றிவிடும். திரை ஓரிரு நொடிகள் கறுத்து மீள்வதே அதற்கு அடையாளம். கோடி (Kodi) என்ற பிளேயர் மென்பொருளில் இதற்கென்று தனி அமைப்பு இருக்கிறது. நிறுவியவுடன் அது அணைந்த நிலையில் இருக்கும், நாம்தான் இயக்க வேண்டும். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. சில பெட்டிகள் 23.976 என்பதைத் துல்லியமாகத் தராமல் முழு 24 ஹெர்ட்ஸைத் தருகின்றன. அப்படியானால் ஏறத்தாழ 42 நொடிக்கு ஒரு முறை ஒரு பிரேம் இருமுறை காட்டப்பட்டு, படம் லேசாகச் சிக்கி விடுபடும். படத்தின் முடிவில் பெயர்கள் கீழிருந்து மேலாக ஏறும் பகுதியை இரண்டு மூன்று நிமிடங்கள் பொறுமையாகப் பார்த்தால் இது கண்ணில் பட்டுவிடும்.

பெரிய கோப்புகள் நின்று ஓடுவதற்குக் கணக்கு எளிது. இரண்டு மணி நேரப் படம் 60 ஜிபி என்றால் சராசரியாக நொடிக்கு 67 மெகாபிட் வருகிறது. ஆனால் 4கே வட்டுகளின் உச்ச வேகம் 128 மெகாபிட் வரை போகலாம். பெரும்பாலான டிவிகளின் ஈதர்நெட் துளை 100 மெகாபிட் மட்டுமே என்பதால், நெட்வொர்க் வழியாக ஓட்டும்போது சராசரியைத் தாங்கும் இணைப்பு உச்சத்தில் திணறுகிறது. யுஎஸ்பி 2.0 காகிதத்தில் 480 மெகாபிட் தரும்; அதில் செருகிய டிஸ்க்கும் நின்று ஓடினால் தடை துளையில் இல்லை, டிவியின் டிகோடரிலோ கோப்பைப் படிக்கும் மென்பொருளிலோ இருக்கிறது. புதிதாக வாங்கும் பெட்டியில் கிகாபிட் ஈதர்நெட்டும் ஒரு யுஎஸ்பி 3.0 துளையாவதும் இருக்கட்டும்.

சிக்கனசிகாமணி எழுதியது:

இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்பதே என் ஐயம். டிவியில் செருகும் சாதாரண 4கே ஸ்டிக் ஒன்றில் விஎல்சியோ கோடியோ நிறுவிக்கொண்டு, நான்கு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் எல்லாப் படங்களையும் பார்த்து வருகிறோம். பக்கவாட்டு நகர்வில் தடுக்கல் இருப்பதாகச் சொல்கிறீர்கள்; சொன்ன பிறகு தெரிகிறது, சொல்லாதவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ரிசீவர் இல்லாமல் சவுண்ட்பாரோடு இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பெரும்பணம் செலவழிக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

புக்கிட்தீமா எழுதியது:

சிகாமணி சொல்வது சவுண்ட்பாரும் ஓடிடி தரத்துக் கோப்புகளும் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் கேள்வி கேட்டவரிடம் 60 ஜிபி கோப்புகளும் உயர ஒலிபெருக்கிகளும் இருக்கின்றன. ஸ்டிக்கில் சேமிப்பிடமும் குறைவு, யுஎஸ்பி டிஸ்க்கைச் செருகத் தனி இணைப்பியும் வேண்டும், வைஃபையை நம்பியே ஓட்ட வேண்டியும் இருக்கும்.

நான் சிங்கப்பூரில் சில பெட்டிகளை வைத்துப் புழங்கியிருக்கிறேன். பெயர் சொல்லிப் பேசினால் தெளிவாக இருக்கும். என்விடியா ஷீல்ட் டிவி ப்ரோ 2019இல் வந்தது; இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஆட்கள் அதையே பரிந்துரைப்பதற்குக் காரணம், ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி இரண்டையும் அப்படியே அனுப்புவது, கிகாபிட் ஈதர்நெட், இரண்டு யுஎஸ்பி 3.0 துளைகள் ஆகியவை. ஏவி1 எனும் புதிய வீடியோச் சுருக்க முறைக் கோப்புகளை வன்பொருளில் பிரிக்கும் வசதி அதில் இல்லை. வட்டுக் கோப்புகளுக்கு அது தேவைப்படாது. ஆப்பிள் டிவி 4கே இயங்கும் வேகமும் மென்மையும் வேறெதிலும் கிடைப்பதில்லை, ஆனால் நான் பயன்படுத்திய பதிப்புகளில் அது ட்ரூஎச்டியைத் தானே பிரித்துப் பிசிஎம் ஆகத்தான் அனுப்பியது. மேலே நண்பர் சொன்ன முகப்பு எழுத்துச் சோதனையில் அது தேறவில்லை. சிடூ, டியூன் எச்டி போன்றவை உள்ளூர்க் கோப்புகளுக்கென்றே தயாராகும் பெட்டிகள். டிவிடி, புளூ-ரே ஐஎஸ்ஓ கோப்புகளை அவற்றின் மெனுவோடு திறக்க வேண்டுமென்றால் இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கச்சேரி டிவிடிகளில் பாட்டுப் பட்டியல் மெனுவில்தானே இருக்கும், அதனால் உங்களுக்கு இது முக்கியம். ராஸ்பெர்ரி பை 4, 5 இரண்டும் எச்.265 வீடியோ கோப்புகளையும் எச்டிஆர்10 எனும் அடிப்படை எச்டிஆர் படத்தையும் நன்றாகவே கையாளும், டால்பி விஷன் மட்டும் கிடையாது.

டால்பி விஷன் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 4கே வட்டில் இருப்பது ப்ரொஃபைல் 7 எனப்படும் இரண்டு அடுக்கு வடிவம்: அடியில் எச்டிஆர்10 படம், அதன்மேல் கூடுதல் அடுக்கு ஒன்று. சில வட்டுகளில் அந்த மேலடுக்கு வெறும் குறிப்புத் தகவலோடு நின்றுவிடும். வேறு சிலவற்றில் உண்மையான படத் தகவலும் இருக்கும். இந்த இரண்டாவது வகையைப் பெரும்பாலான பெட்டிகள் முழுதாகப் பயன்படுத்துவதில்லை, குறிப்புத் தகவலை மட்டும் எடுத்துக்கொள்கின்றன, ஷீல்டும் அப்படித்தான். யூகூஸ் ஏஎம்6பி பிளஸ் பெட்டியில் கோர்எலெக் எனும், கோடியை இயக்கும் தனி இயங்குதளத்தை நிறுவி ஓட்டினால் மேலடுக்கு முழுதும் வேலை செய்கிறது என்பதால்தான் ஆர்வலர்களிடையே அதற்கு அத்தனை பெயர். கோர்எலெக்கை எஸ்டி கார்டில் எழுதி, ரிமோட் பொத்தான்களை ஒவ்வொன்றாகச் சீரமைத்துக்கொள்ளும் பொறுமை வேண்டும். வீட்டில் பெரியவர்கள் தாமே இயக்க வேண்டுமானால் யோசித்துச் செய்யுங்கள். என் கண்ணுக்கு, இருட்டறையில் பெரிய திரையில் சில படங்களில் மட்டுமே வித்தியாசம் புலப்பட்டது. அதை ஒன்றை மட்டும் நம்பிப் பெட்டியைத் தேர்ந்தெடுக்க நான் சொல்ல மாட்டேன்.

அதைவிட அவசியமான சோதனை ஒன்று உண்டு. எச்டிஆர் அல்லாத சாதாரண (எஸ்டிஆர்) படத்தை ஓட்டும்போது டிவியின் மூலையில் எச்டிஆர் என்றோ டால்பி விஷன் என்றோ அடையாளம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்தப் பெட்டி எல்லாவற்றையும் எச்டிஆருக்குள் திணிக்கிறது. முகங்கள் வெளிறியோ மிகையாகச் சிவந்தோ தெரியும். அமைப்பில் அதை நிறுத்த வழியில்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஐபோன் வீடியோக்களையும் மறந்துவிட வேண்டாம். 2020இல் வந்த ஐபோன் 12 முதல், போனிலேயே டால்பி விஷனில் பதிவு செய்ய முடிகிறது; அதன் அடிப்படைப் படம் எச்டிஆர்10 வகையைச் சேர்ந்ததல்ல, எச்எல்ஜி எனும் வேறோர் எச்டிஆர் வகையைச் சேர்ந்தது. வட்டுக் கோப்புகளை அழகாகக் காட்டும் பெட்டி இதில் தடுமாறக்கூடும். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ டிவியில் படுத்த வாக்கில் வருகிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

பழையகேசட் எழுதியது:

நான் மதுரையில் திருமண வீடியோ எடுப்பதையும் பழைய கேசட்டுகளை மாற்றித் தருவதையும் தொழிலாகச் செய்கிறவன். மேலே இருவரும் சொன்னவை சினிமா வட்டுகளுக்கு உரியவை. வெளிநாட்டு விமர்சனங்கள் எல்லாமே 24 பிரேம் சினிமாவை வைத்துத்தான் பெட்டிகளை அளக்கின்றன. நம் வீட்டு அலமாரியில் இருப்பதோ 25 பிரேம் பால் (PAL) எனும் தொலைக்காட்சி முறை வீடியோ. இதில்தான் விலை உயர்ந்த பெட்டிகள்கூடச் சறுக்குகின்றன.

கேசட்டிலிருந்து டிவிடிக்குப் போன படம் 720க்கு 576 அளவில், இன்டர்லேஸ் முறையில் இருக்கும். அதாவது நொடிக்கு 50 அரைப்படங்கள். ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள், இரண்டுக்கும் நடுவே ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் கடந்திருக்கும். இரண்டையும் அப்படியே ஒட்டிக் காட்டினால், நகரும் பொருளின் ஓரத்தில் சீப்புப் பல்லைப் போல வரிகள் தெரியும். உங்கள் டிவியில் நீங்கள் பார்க்கும் பிசிறு இதுவேதான். பிளேயர் இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. ஓர் அரைப்படத்தை எறிந்துவிடலாம், அப்போது படத்தின் கூர்மை பாதியாகும். இரண்டையும் கலந்துவிடலாம், அப்போது அசைவுகளில் பேய் நிழல் விழும். ஒவ்வோர் அரைப்படத்தையும் முழுப்படமாக வளர்த்து நொடிக்கு 50 படங்களாகக் காட்டுவதே சரியான வழி; அதற்கு டிவியும் 50 ஹெர்ட்ஸுக்கு மாற வேண்டும்.

இதைச் சோதிக்க மாங்கல்யதாரணப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டிமேளம் கொட்டும்போது தவில்காரரின் இரண்டு கைகளையும் மட்டும் பாருங்கள். வலக்கை விரல்களும் இடக்கைக் கழியும் வழவழப்பாக ஓடினால் பெட்டி 50 படங்களைத் தருகிறது. கழி இரண்டாகத் தெரிந்தால் கலக்கிறது; விட்டு விட்டுத் தெரிந்தால் பாதியை எறிகிறது. அட்சதை தூவும் காட்சியும் நல்ல சோதனைதான், ஏனென்றால் சிறிய பொருள்கள் வேகமாகப் பறக்கும்போது எந்த மென்பொருளும் தப்பிக்க முடியாது.

அடுத்து ஆரத்தித் தட்டைப் பாருங்கள். டிவிடியின் 720க்கு 576 என்பது சதுரப் புள்ளிகளால் ஆனதல்ல. பிளேயர் அதை 4:3 அளவுக்குத் திருத்திக் காட்ட வேண்டும். தட்டு நீள்வட்டமாகத் தெரிந்தாலோ மணமக்கள் இருவரும் ஒரே நாளில் பருத்துவிட்டாலோ, பெட்டி அந்தத் திருத்தத்தைச் செய்யவில்லை. ரிமோட்டில் ஒரு பொத்தானில் மாற்ற முடிந்தால் பரவாயில்லை, ஒவ்வொரு கோப்புக்கும் மெனுவுக்குள் போக வேண்டுமென்றால் வீட்டில் சலித்துப் போவார்கள்.

கறுப்பின் ஆழத்தையும் இதே வீடியோவில் பார்த்துவிடலாம். வீடியோவில் கறுப்பு 16 என்ற எண்ணிலும் வெள்ளை 235 என்ற எண்ணிலும் இருக்கும். பிளேயர் ஒரு முறையிலும் டிவி வேறு முறையிலும் இருந்தால், மணப்பெண்ணின் கூந்தலில் பின்னல் தெரியாமல் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும், அல்லது கூந்தலே சாம்பல் பூத்துத் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே முறையில் வைத்தால் சரியாகும். இதற்காகப் பெட்டியைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

கேம்கார்டர் கோப்புகள் 1080 வரி இன்டர்லேஸாக இருக்கும். டிவிடியைச் சரியாகக் காட்டும் பெட்டி இதிலும் சரியாகக் காட்டும் என்று சொல்ல முடியாது. தனியாக ஓட்டிப் பாருங்கள். கோடியில் விசைப்பலகையைச் செருகி ஆங்கில ஓ (O) எழுத்தை அழுத்தினால், எந்த டிகோடர் ஓடுகிறது, இன்டர்லேஸை எந்த முறையில் நீக்குகிறது என்ற விவரம் திரையிலேயே வரும்.

மலைக்கோட்டை எழுதியது:

மிக்க நன்றி. ஒரே பென் டிரைவில், அட்மாஸ் உள்ள 4கே கோப்பு ஒன்று, டிடிஎஸ் புளூ-ரே ஒன்று, கச்சேரி ஐஎஸ்ஓ ஒன்று, தம்பி திருமணத்தின் கெட்டிமேளம், கேம்கார்டர் கோப்பு ஒன்று, ஐபோனில் நிமிர்த்தி எடுத்தது ஒன்று என்று இன்றே எடுத்து வைத்துவிட்டேன். வீட்டில் என் அம்மாவும் இயக்க வேண்டும் என்பதால் கோர்எலெக் வழியை இப்போதைக்கு ஒதுக்கி, ஐஎஸ்ஓ மெனுவைத் திறக்கும் பெட்டிகளையே முதலில் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். எங்கள் பகுதியில் மின்தடை அடிக்கடி வரும். டிஸ்க்கை எந்த முறையில் ஃபார்மட் செய்வது? கோப்புகளின் பெயர்களையும் சில சப்டைட்டில்களையும் தமிழிலேயே வைத்திருக்கிறேன். அவற்றில் சிக்கல் வருமா?

அலைவரிசை எழுதியது:

ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை வைக்கவே முடியாது என்பதால் அது ஆட்டத்திலேயே இல்லை; இன்று எடுத்து வைத்த பென் டிரைவையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டில் ஒன்று. எக்ஸ்ஃபேட்டில் எழுதும் வேலைகளைக் குறித்துவைக்கும் ஜர்னல் கிடையாது. கோப்பை நகலெடுத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அடைவுப் பட்டியலே சிதையும் வாய்ப்பு அதில் அதிகம். மின்தடை உள்ள வீட்டுக்கு என்டிஎஃப்எஸ் பாதுகாப்பானது, பெட்டி அதைப் படிக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். படம் பார்க்கும்போது டிஸ்க்கைப் படிக்க மட்டுமே செய்கிறோம் என்று நினைத்துவிட வேண்டாம். சில பெட்டிகள் போஸ்டர் படங்களையும் விட்ட இடக் குறிப்புகளையும் அதே டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கும். பெரிய 3.5 அங்குல டிஸ்க்காக இருந்தால் அதன் அடாப்டரையும் பிளேயரையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள்; இன்வர்ட்டர் மாறும் அந்தக் கணத்தில் ஒன்று அணைந்து மற்றொன்று ஓடுவதுதான் தொல்லை.

தமிழ் எழுத்துக்கு: கணினியில் "பொங்கல்", "கெட்டிமேளம்", "பேரன் கைப்பிடி" என்று மூன்று கோப்புகளுக்குப் பெயரிட்டுப் பெட்டியில் திறந்து பாருங்கள். வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் அதன் எழுத்துருவில் தமிழே இல்லை. எழுத்துகள் தெரிந்தும் கொம்புகள் இடம் மாறி மெய்க்குப் பின்னால் நின்றால், எழுத்துரு இருக்கிறது, எழுத்துகளைக் கோத்து அமைக்கும் மென்பொருள் அதில் இல்லை. கணினியில் கொம்பு எப்போதும் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் அதை முன்னால் கொண்டுவருவது அந்த மென்பொருளின் வேலை. மெனுவில் தவறாகத் தெரியும் பெட்டியிலும் சப்டைட்டில் சரியாக வரலாம், ஏனென்றால் பல பிளேயர்களில் இரண்டையும் வரைவது வேறு வேறு பகுதிகள். ஆகவே எஸ்ஆர்டி கோப்பு ஒன்றையும் தனியாகச் சோதியுங்கள். அதை யுடிஎஃப்-8 முறையில் சேமித்திருக்க வேண்டும். பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அவற்றை எந்தப் பெட்டியும் தமிழாகக் காட்டாது.